ரோடு எஞ்சினும் கூண்டு வண்டிக் குடித்தனமும்

சென்னகிருஷ்ணனுக்கு வீட்டு நம்பர் கிடையாது. அவனுக்குக் கடிதம் போடுகிறவர்கள் "ரோடு எஞ்சின் டிரைவர், சூளகிரி தாண்டி, பேரிகை ரோடு" என்று எழுதிப் போடுவார்கள். தபால்காரர் ஊர்க்கோடியில் நின்று எந்தப் பக்கம் கறுப்புப் புகை எழும்புகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புவார். புகை இல்லாத நாளில் கடிதமும் இல்லை.

அவன் குடியிருந்தது ஒரு கூண்டு வண்டியில். நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கதவு, இறங்க மூன்று படி. பத்தடி நீளம், ஆறடி அகலம். ரோடு அமுக்கும் நீராவி எஞ்சின் எங்கே போகிறதோ அங்கே அதன் வாலில் கொக்கி மாட்டிக்கொண்டு இதுவும் போகும். எஞ்சின் மணிக்கு மூன்று மைல் நடக்கும். அவசரக்காரர்கள் இறங்கி நடந்து முன்னால் போய்விடலாம். இந்த வண்டிக்குள்தான் சென்னகிருஷ்ணனும் அவன் பெண்சாதி கெம்பம்மாவும் நாலு வருஷமாகக் குடித்தனம் பண்ணினார்கள்.

அவன் பிறந்தது சாமல்பட்டியில், ரயில் ஸ்டேஷனுக்கு அடுத்த தெரு. தகப்பன் தண்டவாளத்துக்குக் கல் தள்ளுகிற கூலி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜோலார்பேட்டை ஷெட்டில் எஞ்சின் துடைக்கப் போனான். உடம்பு ஒல்லி. பாய்லருக்குள் நுழைந்து, சுவரில் படிந்த உப்பை உளியால் தட்டி எடுக்கும் வேலையை அவன் தலையில் கட்டினார்கள். ஏழு வருஷம் தட்டினான். எந்தத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பது அவனுக்கு நாக்கில் வைத்தாலே தெரியும். சண்டைக் காலத்தில் ரோடு எஞ்சினுக்கு ஆள் தேடினார்கள். அப்போது ஏறியவன்தான், முப்பத்தாறு வயது வரைக்கும் இறங்கவில்லை.

ரோடு எஞ்சினில் தினம் ஒன்று கெடும். இன்றைக்குக் கெடாதது நாளைக்குக் கெடும். ஒர்க்‌ஷாப்பு இருபது மைலுக்கு அந்தப் பக்கம். சாமானுக்கு எழுதிப் போட்டால் ஒரு மாதம் கழித்து வேறு எதற்கோ உண்டான சாமான் வந்து சேரும். ஆகவே கூண்டு வண்டியில் பாதி குடித்தனச் சாமான், பாதி எஞ்சின் சாமான். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய்கள் நாலு, கெம்பம்மாவின் கல்யாணப் புடவைக்குள் சுருட்டி டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஆவி கசியாமல் மூட்டுகளில் சுற்றுகிற கயிறும் துணி உலர்த்துகிற கயிறும் ஒரே கண்டு. ஆட்டுக்கொழுப்பு டப்பாவுக்குச் சிவப்பு நூல், நெய் டப்பாவுக்கு வெள்ளை நூல். நூல் கட்டாத காலத்தில் ஒரு தரம் நெய்யை எடுத்துப் பிஸ்டன் கம்பிக்குப் பூசிவிட்டான். அன்றைக்கு ஒரு மைல் தூரம் எஞ்சின் கல்யாணப் பந்தி மாதிரி மணத்துக்கொண்டு போயிற்று.

அடுப்பும் எஞ்சின்தான். கரி அள்ளுகிற மண்வெட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கித் தணலில் நீட்டி, அதன் மேலேயே கெம்பம்மா ராகி ரொட்டி சுடுவாள். "ஏமே, ஓவர்சியர் வர்றார், மண்வெட்டியைக் கொடு" என்று அவன் அவசரப்பட்டால், "இன்னொரு பக்கம் வேகணும், அவரை மெதுவா வரச் சொல்லு" என்பாள்.

அத்தனை சின்ன இடத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. கை நீட்டின இடத்தில் சாமான் இருக்கும். கதவைத் திறந்ததும் வலப் பக்கம் முதல் ஆணியில் ஸ்பானர்ப் பை, இரண்டாவதில் பட்டைப் பை, மூன்றாவதில் கொழுப்பு டப்பா. வெளியே படியில் நின்றபடியே, உள்ளே பார்க்காமல், வேண்டியதை உருவி எடுத்துவிடுவான். இருட்டோ வெளிச்சமோ, கை தப்பாது.

பட்டைப் பை என்றால் ஆவாரம்பட்டை. தோல் பதனிடுகிறவர்கள் உபயோகப்படுத்துகிற அதே பட்டைதான். அந்தச் சீமைக் கிணறெல்லாம் பாறைக்குள் வெட்டினது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு ஒட்டும். பட்டையை இடித்துத் துணிப் பையில் போட்டு வாயைத் தைத்து, எஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டால் சாயம் இறங்கி, உப்பு சுவரில் ஒட்டாமல் சேறாகக் கீழே தங்கிவிடும். இதை அவனுக்கு எந்த என்ஜினீயரும் சொல்லித் தரவில்லை. வாரத்துக்கு ஒரு பை. தைத்துத் தருவது கெம்பம்மா, துணி அவனுடைய பழைய காக்கி நிஜார்.

கெம்பம்மாவுக்குச் சொந்த ஊர் பேரிகை. தகப்பன் நாராயணப்பனுக்கு எட்டு ஏக்கர், மாடு பூட்டிக் கவலை இறைக்கிற கிணறு, நாலு மாடு. சென்னகிருஷ்ணன் பெண் கேட்டுப் போனபோது அந்த ஆள், "சக்கரத்து மேல சட்டி வெச்சிப் பொழைக்கிறவனுக்கு என் பொண்ணா? எஞ்சின் நின்னா இவ எங்க நிப்பா?" என்று கேட்டார். கெம்பம்மா உள்ளேயிருந்து வெளியே வந்து, "எஞ்சின் பக்கத்துல நிப்பேன்" என்று சொன்னாள். கல்யாணம் சூளகிரிப் பெருமாள் கோயிலில் நடந்தது. நாராயணப்பன் வரவில்லை. அதற்கப்புறம் நாலு வருஷம் அவரும் இந்தப் பக்கம் வரவில்லை, இவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சர்க்கார் சூளகிரி-பேரிகை மண்பாதையைக் கல் ரோடாகப் போட உத்தரவு போட்டது. ஜல்லி பரப்பி, கிராவல் கொட்டி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினால் அமுக்கிக்கொண்டே பேரிகைப் பக்கம் நகர்ந்தார்கள். கெம்பம்மா ஒவ்வொரு பர்லாங்குக் கல் நடும்போதும் படியில் வந்து நின்று பார்ப்பாள். மறு வருஷம் சித்திரை மாதத்தில் இன்னும் மூன்று மைல் பாக்கி.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடை மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் ஆணி போன ஓட்டை வழியாக வலப் பக்கச் சுவரில் தண்ணீர் இறங்கிற்று. கெம்பம்மா அந்தப் பக்கத்துச் சாமானை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துச் சாமானை அந்தப் பக்கமும் மாற்றி மாட்டினாள். மழை விட்டதும் சென்னகிருஷ்ணன் கூரை ஏறி, மண்ணெண்ணெய் டின் தகரத்தைத் தட்டி ஒட்டுப் போட்டான். சாமானெல்லாம் மாறின இடத்திலேயே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலை வழக்கம்போல் படியில் நின்று இரண்டாவது ஆணியில் கை போட்டுப் பையை உருவினான். தொட்டிக்குள் தொங்கவிட்டான். எஞ்சினைக் கிளப்பினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எஞ்சினுக்குக் கோளாறு வந்தது.

முதலில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் குதித்தது. ஒரு கணம் மேலே, ஒரு கணம் கீழே, நடுவில் பாலைக் கடைந்த மாதிரி வெள்ளை. அடுத்தாற்போல் புகைபோக்கி கறுப்புத் தண்ணீரைத் துப்ப ஆரம்பித்தது. ஜல்லி சுமக்கிற பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி, "டிரைவரே, எஞ்சினுக்கு வெத்தலை போடக் கத்துக் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். சிலிண்டருக்குள் தண்ணீர் போய் டொக் டொக்கென்று இடித்தது. எஞ்சின் ஏற்றத்தில் நின்றுவிட்டது.

நின்ற உடனே நுரை அடங்கி, குழாயில் மட்டம் சரேலென்று அடிக்குப் போயிற்று.  பாய்லரில் நெருப்புக்கு நேர் மேலே ஓர் ஈயத் திருகு உண்டு. தண்ணீர் குறைந்து அது வெளியே தெரிந்தால் ஈயம் உருகி, ஆவி இறங்கி நெருப்பை அணைத்துவிடும். எஞ்சின் பிழைக்கும், டிரைவர் பிழைக்க மாட்டான். ஈயம் உருக விட்டவன் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்த எஞ்சினிலும் ஏற்ற மாட்டார்கள். சென்னகிருஷ்ணன் மண்வெட்டியை எடுத்து நெருப்பு முழுவதையும் வாரிக் கீழே கொட்டினான். ஈயம் தப்பியது.

புதன்கிழமை முழுக்கக் கழற்றினான். ஆவியைக் கொண்டே தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளுகிற இஞ்செக்டரைப் பிரித்து, அதன் மூக்கு ஓட்டையைத் துடைப்பக் குச்சியால் குத்தி, புளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தான். பிஸ்டன் கம்பிக்குக் கயிறு மாற்றிச் சுற்றினான். கெம்பம்மாவின் உலர்த்துகிற கயிற்றில் நாலு முழம் குறைந்தது. சாயங்காலம் மறுபடி நெருப்புப் போட்டான். ஆவி ஏறியது. பத்து கஜம் போனதும் அதே நுரை, அதே துப்பல். மறுபடி வாரிக் கொட்டினான்.

வியாழக்கிழமை காலையில் தண்ணீர் வண்டிக்காரன் கங்கப்பன் வந்தான். இரட்டை மாட்டு வண்டியில் பெரிய மரப் பீப்பாயைப் படுக்கப் போட்டு, ஒரு மைல் தூரத்துக் கவலைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவன். ஐம்பது வயது, நிதானமான மனுஷன். மாட்டிடம் தெலுங்கு பேசுவான், ஆட்களிடம் தமிழ் பேசுவான், தனக்குத்தானே கன்னடத்தில் முணுமுணுப்பான். அவன் பீப்பாயிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டான். தண்ணீர் விழுந்த இடத்தில் வெள்ளையாக நுரை பொங்கி எழுந்தது. சென்னகிருஷ்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கங்கப்பா, இது எந்தத் தண்ணி?"

"எந்தத் தண்ணின்னா? கவலைக் கெணத்துத் தண்ணி."

"கவலைக் கெணத்துல எங்கய்யா நுரை வருது? வண்ணாந்துறைக் குட்டையில மொண்டுக்கினு வந்து ஊத்திட்டுக் கெணறுங்கறே. அரை மைல் மிச்சம்னு பார்த்தியா?"

ஜல்லிப் பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். கங்கப்பன் பீப்பாய் வாயை அடைத்தான். மறுபடி கொஞ்சம் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, அவன் எதிரிலேயே குடித்தான். இன்னொரு கை பிடித்து நீட்டினான். "குடிச்சிப் பாரு. சவுக்காரம் இனிக்குதா, உறைக்குதா சொல்லு."

"அடியில இருக்கிறது நல்ல தண்ணியா இருக்கும். மேல கலந்திருக்கும்."

"பீப்பாயில மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணியா? என்னைத் திருடன்னு சொல்லு, கேட்டுக்கறேன். முட்டாள்னு சொல்லாதே." கங்கப்பன் மாட்டைத் திருப்பினான். "ஆறு மாசமா ஊத்துறேன். இன்னிக்கு நீ வண்ணாந்துறைங்கறே. வேற ஆளைப் பாரு, டிரைவரே."

வண்டி போய்விட்டது. சென்னகிருஷ்ணன் கூப்பிடவில்லை. அவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி. காரணம் கிடைத்தவனுக்கு எதிரில் நடப்பது கண்ணில் படுவதில்லை. பட்டை ஊறின தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமே, இது ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று பத்து மணிக்கு ஓவர்சியர் ஐசக் சைக்கிளில் வந்தார். கிருஷ்ணகிரிக்காரர், கால்சட்டையில் கிளிப்பு மாட்டியிருப்பார், குரலை உயர்த்த மாட்டார். நின்று கிடந்த எஞ்சினையும், அரைப் பர்லாங்கு தூரத்துக்கு அமுக்காமல் பரப்பிக் கிடந்த ஜல்லியையும், அதில் சக்கரம் புதைந்து திட்டிக்கொண்டே போன கட்டை வண்டிகளையும் பார்த்தார்.

"மூணு நாள் ஆச்சு, டிரைவர்."

"தெரியுதுங்க."

"சூளகிரியில டீசல் ரோலர் சும்மா நிக்குது. சனிக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டாந்து சங்கிலி போட்டு உங்க எஞ்சினை டிப்போவுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவோம். மிச்ச ரோட்டை டீசல் போடும்."

"அதுக்குள்ள சரி பண்ணிட்டா?"

"பண்ணிட்டா நான் ஏன் இழுக்கறேன்? எனக்கென்ன ஆசையா?" கூண்டு வண்டியைப் பார்த்து அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "டிப்போவுல உங்களை ஸ்பேர் டிரைவரா போடுவாங்க. ஷெட்டுல படுத்துக்கலாம். ஆனா பொம்பளைங்க தங்க விட மாட்டாங்க. அம்மாவை அவங்க ஊர்ல கொண்டுபோய் விட்டுடுங்க. பக்கத்துலதானே?"

படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கெம்பம்மா தலையைத் தூக்கவில்லை. அவர் போன பிறகு சொன்னாள்: "இந்த ரோடு அங்க போய்ச் சேர்ற அன்னிக்கு எஞ்சின் பின்னால வண்டியில போய் இறங்கணும்னு இருந்தேன். மூட்டையைத் தலையில வெச்சிக்கினு, இந்த மூணு மைலை நடந்து போய் அந்த வாசல்ல நிக்க மாட்டேன்."

"யாரு உன்னை நடக்கச் சொன்னா?"

"நீ சொல்லல. உன் எஞ்சின் சொல்லுது."

சென்னகிருஷ்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் படுத்தான். தட்ட ஒன்றும் இல்லை. சும்மா படுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. கெம்பம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் ஓலைத்தட்டி மறைப்பில் குளிக்கப் போனாள். பழைய பழக்கத்தில் இடப் பக்கத்து ஆணியிலிருந்த பையையே அரப்புப் பை என்று எடுத்துப் போனாள். அரப்பு என்றால் உசிலை இலையை உலர்த்தி இடித்த தூள். அந்தப் பக்கத்தில் தலை முழுக அதுதான். மழைச் சாரலில் கட்டி தட்டாமல் இருக்க அதையும் அவள் காக்கித் துணிப் பையில் போட்டு வாயைத் தைத்து வைத்திருந்தாள். தையலைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். நுரைக்கவில்லை. இன்னும் குழைத்தாள். கை சிவந்ததே தவிர நுரை வரவில்லை.

தலையில் எண்ணெயோடு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் வந்தாள்.

"இங்க வா."

"என்னா?"

"என் தலையைப் பதம் போட்டுச் செருப்புத் தைக்கப் போறியா?" கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது ஆவாரம்பட்டை. என் அரப்பு எங்க?"

சென்னகிருஷ்ணன் கிண்ணத்தைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். எழுந்து போய்த் தொட்டி மூடியைத் தூக்கி, கயிற்றை இழுத்து, ஊறி உப்பிப்போன காக்கிப் பையை வெளியே எடுத்தான். பிழிந்தான். விரலிடுக்கில் பச்சையாக நுரை வழிந்தது.

பையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தான்.

"நாலு நாளா நான் அதுக்குத் தலை குளிப்பாட்டியிருக்கேன்," என்றான் சென்னகிருஷ்ணன்.

கெம்பம்மா சிரிக்க ஆரம்பித்தாள். படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. "சாகு, சாகு" என்று கன்னடத்தில் போதும் போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீதானே பையை இடம் மாத்தினே?" என்றான்.

"மாத்தினேன். உள்ள வந்து கண்ணால பார்த்து எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மாமியார் வீட்டு மாப்பிள்ளையாட்டம் வெளிய நின்னு கையை நீட்டினா?"

அவன் அதற்குள் ஸ்பானர்ப் பையை எடுத்துவிட்டான்.  வேலை தெரிந்துவிட்டது. பாய்லர் ஆறித்தான் கிடந்தது. அடியிலுள்ள சேற்றுத் திருகுகளை நாலு பக்கமும் கழற்றி, உள்ளேயிருந்த தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டான். ரோட்டோரப் பள்ளத்தில் நுரை முழங்கால் உயரம் நின்றது. ஜல்லிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சென்னகிருஷ்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியையும் வடித்துக் காலி பண்ணினான்.

இனிமேல் கழுவ ஒரு பீப்பாய், பாய்லரை நிரப்ப ஒன்றரை, தொட்டிக்கு ஒன்றரை. நாலு நடை தண்ணீர். சொட்டுத் தண்ணீர் கையில் இல்லை. அந்த வட்டாரத்தில் பீப்பாய் வண்டி ஒன்றே ஒன்றுதான், அது கங்கப்பனுடையது.

"குடத்துல சுமக்கலாமா? பொம்பளைங்க பத்து பேர் இருக்காங்க," என்று கேட்டான்.

"நாலு பீப்பாயைக் குடத்துலயா? சனிக்கிழமை இல்ல, ஆடி வந்துடும்," என்றாள் கெம்பம்மா. "போய் அந்த மனுஷன்கிட்டப் பேசு. நான் வர மாட்டேன். திட்டினது நீ."

அவன் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். எஞ்சினோடு வாழ்கிறவனுக்கு அந்தப் பழக்கம் வராது. எஞ்சினை எத்தனை திட்டினாலும் கொழுப்புப் பூசினால் ஓடும். ஒரு மைலும் நடந்து போகிற வழியில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான். ஒன்றும் அமையவில்லை.

கங்கப்பன் கிணற்று மேட்டில் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆளைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சென்னகிருஷ்ணன் கையிலிருந்த ஈரப் பையைத் துவைகல்லின் மேல் வைத்தான். "இதுதான் தொட்டியில இருந்தது."

கங்கப்பன் பையைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தான். "அரப்பு."

"ஆமா."

"யார் போட்டது?"

"நான்தான்."

கங்கப்பன் மாட்டின் முதுகில் இரண்டு கை தண்ணீர் விட்டான். "அப்ப வண்ணாந்துறையை நீதான் கொண்டாந்து எஞ்சினுக்குள்ள வெச்சிருக்கே."

"ஆமா."

"எதிர்ல நின்னு தண்ணியைக் குடிச்சிக் காட்டினேன். அப்பவும் நம்பல."

"நம்பல. தப்பு என்னுது, கங்கப்பா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எஞ்சின் கிளம்பலைன்னா சங்கிலி போட்டு இழுத்துக்கினு போயிடுவாங்க. கெம்பம்மா அவங்க அப்பன் வாசலுக்கு மூட்டையோட போகணும். நாலு நடை தண்ணி வேணும்."

கங்கப்பன் வெகுநேரம் மாட்டைத் தேய்த்தான். மாடு பளபளவென்று ஆகிவிட்டது.

"என்னைத் திட்டினப்ப ஜல்லிக்காரிங்க எல்லாம் நின்னு கேட்டாளுங்க," என்றான் கடைசியில். "இங்க வந்து தனியா சொல்றே. இங்க கேக்க மாடுதான் இருக்கு."

சென்னகிருஷ்ணன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். அன்று சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் ஒரு பீப்பாய் வந்தது. கங்கப்பன் ஊற்றிவிட்டுப் போனான். அந்தத் தண்ணீரில் சென்னகிருஷ்ணன் மூங்கில் கழியில் கந்தல் சுற்றிப் பாய்லரின் வயிற்றைக் கழுவினான். கெம்பம்மா மேலேயிருந்து ஊற்ற, அவன் கீழேயிருந்து குடைந்தான். கடைசித் தண்ணீர் நுரையில்லாமல் இறங்கும் வரை கழுவினார்கள்.

சனிக்கிழமை விடியும்போது இரண்டாவது பீப்பாய், ஏழரைக்கு மூன்றாவது. பாய்லரில் வேண்டிய மட்டம் வந்ததும் நெருப்புப் போட்டான். பழைய எஞ்சின், குளிர்ந்த இரும்பு. அவசரப்பட்டுக் கரியைத் திணித்தால் மூட்டு விடும். பொறுமையாக ஒவ்வொரு மண்வெட்டியாகப் போட்டான். ஒன்பதரைக்கு ஆவிமானியின் முள் அசைந்தது. நாலாவது பீப்பாய் தொட்டிக்கு வந்தது. விழுந்த தண்ணீரில் குமிழி எழுந்து உடைந்து தெளிந்தது. மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

பதினொன்றரைக்கு டீசல் ரோலர் டபடபவென்று வந்து சேர்ந்தது. பின்னால் சைக்கிளில் ஐசக். டீசல்காரன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருக்கேன்" என்றான்.

சென்னகிருஷ்ணன் அவனைப் பார்க்காமல் ஆவியைத் திறந்தான். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. ஏற்றத்தில் ஏறிற்று. பரப்பின ஜல்லி கறகறவென்று அமுங்கிற்று. கண்ணாடிக் குழாயில் மட்டம் நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. அரைப் பர்லாங்கு போய், திரும்பி வந்து, ஐசக் பக்கத்தில் நிறுத்தினான்.

ஐசக் கேட்டார்: "என்ன இருந்தது?"

சென்னகிருஷ்ணன் சொன்னான். ஐசக் கொஞ்சம் திரும்பி நின்று கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு எஞ்சினின் வேலைப் புத்தகத்தை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நாலு நாள் நின்னதுக்குக் காரணம் எழுதியாகணும். அரப்புன்னு எழுதினா மேல கூப்பிட்டு விசாரிப்பாங்க, உங்களுக்கு வில்லங்கம். 'தண்ணீர் சரியில்லை'ன்னு எழுதிடறேன். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஜல்லிப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றிருந்தார்கள். கங்கப்பன் வண்டி நுகத்தடியில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் எங்கோ வயலைப் பார்த்தான். கெம்பம்மா படியில் இருந்தாள்.

சென்னகிருஷ்ணனுக்கு அந்த இரண்டு வார்த்தை எத்தனை சுகமானது என்று தெரியும். எழுதிவிட்டால் வேலைக்குப் பழுதில்லை, கூண்டு வண்டிக்குப் பழுதில்லை. எஞ்சினிலிருந்து இறங்கி வந்தான்.

"தண்ணி மேல எழுதாதீங்க, சார்," என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கங்கப்பன் ஊத்தினது நல்ல தண்ணி. ஆறு மாசமும் நல்ல தண்ணிதான். நான் பார்க்காம பையை மாத்திப் போட்டேன். அவர் மேல பழி சொன்னதும் நான்தான். டிரைவர் தப்புன்னு எழுதுங்க."

"மேல கூப்பிட்டா?"

"போறேன். கூப்பிட்டுத் திட்டினா திட்டு வாங்கிக்கறேன்."

ஐசக் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு மெதுவாக எழுதி வாசித்துக் காட்டினார்: "டிரைவரின் கவனக்குறைவால் தொட்டியில் வேற்றுப் பொருள் கலந்தது. டிரைவரே பாய்லரைக் கழுவிச் சரி செய்தார். எஞ்சின் நல்ல நிலையில் ஓடுகிறது. இழுக்கத் தேவையில்லை." சென்னகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான். டீசல்காரன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

கங்கப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்தான்.

"டிரைவரே, சாயங்காலத்துக்கு ஒரு பீப்பாய் போதுமா, ரெண்டா?"

"ரெண்டு," என்றான் சென்னகிருஷ்ணன். "நாலு நாள் வேலை கிடக்குது."

அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பர்லாங்கு அமுக்கினான்.